ஓட்டைக்கு ஒரு சொட்டு

போல்ட்டா ஸ்டட்டா என்று என்னிடமா கேட்டீர்கள்? இந்தப் பட்டறை வாசலில், இந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ராக்கியண்ணனிடமா கேட்டீர்கள்? நல்ல ஆளைப் பார்த்தீர்கள் தம்பி. கேட்டது கேட்டுவிட்டீர்கள், இனி எழுந்து போக முடியாது. எங்கே போவீர்கள்? உங்கள் முட்டை வண்டி உள்ளே ஹெட்டைக் கழற்றிப் போட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. என் மருமகன் லோகநாதன் ஸ்டட் வாங்க சேலத்துக்குப் போயிருக்கிறான். மூன்று மணிக்கு வருவானாம். வந்து, புது ஹெட்டை ஏற்றி, முறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஓட்டிப் பார்த்து, ஆறு மணிக்குள் நீங்கள் பண்ணைக்குப் போய் முட்டை ஏற்றினால்தான் பாலக்காட்டுக்காரன் உங்களை மறுபடி கூப்பிடுவான். இந்த வாரம் ஏற்கெனவே ஒரு லோடு விட்டுவிட்டீர்கள். காலையிலிருந்து போனில் அதைத்தானே கெஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்? என் காதில் விழாதா? காது எனக்கு நன்றாகவே கேட்கும். மற்றவர்களுக்குத்தான் நான் சொல்வது கேட்பதில்லை.

மணி ஒன்றரைதான். உட்காருங்கள்.

மடியில் என்ன பெல்ட் என்கிறீர்களா? அது கிடக்கட்டும். அப்புறம் சொல்கிறேன்.

ஸ்டட்டே போட்டுவிடலாம் என்று அவனிடம் தலையாட்டிவிட்டீர்களாமே? யாரைக் கேட்டு ஆட்டினீர்கள்? வண்டி வைத்திருக்கிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது, முகத்திலேயே எழுதியிருக்கிறது, அதனால் சொல்கிறேன். என்ஜினில் கீழே பிளாக், மேலே ஹெட், நடுவில் அப்பளம் மாதிரி ஒரு கேஸ்கட். உள்ளே வெடிக்கிற வெடிக்கு அந்த ஹெட் நியாயமாகப் பார்த்தால் மோகனூர் போய் விழ வேண்டும். விழாமல் பிடித்து வைத்திருப்பது பத்தே பத்து இரும்புத் துண்டு. தலையோடு இருந்து, அப்படியே பிளாக்குக்குள் திருகி இறங்கினால் அது போல்ட். தலையில்லாத மொட்டைக் கம்பியை பிளாக்கில் ஊன்றிவிட்டு, மேலே நட்டு போட்டு முறுக்கினால் அது ஸ்டட். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஏழு வருசமாக நான் என் மருமகனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது பேசுவேன். அது வேறு.

போல்ட் என்பது சம்பந்தி மாதிரி தம்பி. வந்தோமா, விருந்தைச் சாப்பிட்டோமா, கிளம்பினோமா என்று இருக்கும். ஸ்டட் வீட்டோடு மாப்பிள்ளை. வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நாளைக்கே உங்கள் வண்டி வாளையாரில் நின்றது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று வையுங்கள். போல்ட் என்றால் பத்தையும் கழற்றி, ஹெட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி, குழந்தையை இடுப்பில் எடுக்கிற மாதிரி எடுத்துவிடலாம். ஸ்டட் என்றால் பத்துக் கம்பியும் ஈட்டி மாதிரி நிற்கும். ஹெட்டை நேர் மேலே ஒரு முழம் தூக்கினால்தான் வெளியே வரும். உங்கள் வண்டியில் என்ஜின் எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியில். ஒரு முழம் இடம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. நடுரோட்டில் செயின் பிளாக்கை எந்த ஆகாயத்தில் கட்டித் தூக்குவீர்கள்?

இதைச் சொன்னால் அவன் சிரிக்கிறான். கோபப்பட்டாலாவது ஒரு மரியாதை. சிரித்துக்கொண்டே, "மாமா, போல்ட்டு திருகற ஒவ்வொரு தடவையும் பிளாக்குல இருக்கற மரை தேயுதுங்க. ஸ்டட்டு நின்ன எடத்துல நிக்கும், மேல நட்டு மட்டுந்தானுங்க சுத்தும். பத்துலயும் புடிப்பு ஒரே மாதிரி நிக்குமுங்க" என்கிறான். மரை தேய்கிறதாம்! நாற்பத்தோரு வருசம் நான் முறுக்கினேன். என் கைக்குத் தேயாத திருகு வரி இவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தேய்கிறது?

பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். சங்ககிரியில் ஏதோ பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் வளர்மதி காபித் தட்டோடு நிற்கிறாள். நான் ஜாதகம் கேட்கவில்லை, தோட்டம் துரவு கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. "மாப்பிள்ளை, ஹெட்டுக்கு போல்ட்டா, ஸ்டட்டா?" இவன் காபியைக் கீழே வைத்துவிட்டு, "வண்டியப் பாத்துத்தானுங்க மாமா சொல்லோணும்" என்றான். பணிவான பையன் என்று மயங்கிவிட்டேன். அது பணிவா? கட்சி மாறப்போகிறவன் பேசுகிற பேச்சு தம்பி அது!

என் கையைப் பாருங்கள். இந்த மணிக்கட்டை. கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் டார்க் ரென்ச் விற்க வந்தான் ஒருநாள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று முள் காட்டுமே, அந்தச் சாமான். "இது இல்லாம முறுக்கறது குருட்டு வேலைங்க" என்றான். என்னிடம்! நான் சாதா ஸ்பேனரால் பத்து போல்ட்டையும் முறுக்கிவிட்டு, "இப்ப உன் முள்ள வெச்சுப் பாரு" என்றேன். வைத்துப் பார்த்தான். பத்தும் ஒரே அளவு, ஆனால் அவன் முள் சொன்னதை விட ஒரு நூல் கூட. அவன் முகம் செத்துப்போயிற்று. அந்த ரென்ச்சைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வருகிறது: 'ஐயா, தங்கள் கைதான் சரி. முள்ளை மாற்றிவிட்டோம்.' கடிதத்தைக் காட்டு என்கிறீர்களா? கரையான் தின்றுவிட்டது. ஆனால் அந்தக் கரையானைச் சொல்ல வேண்டும். என் பட்டறைக் கரையான் அல்லவா, ஒரு மூலை கூடக் குறையாமல் நாலு பக்கமும் ஒரே சீராகத் தின்றிருந்தது.

சிரிக்காதீர்கள். கொல்லிமலைக் கதையைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். அன்னாசிப்பழ லாரி. நான் ஹெட் ஏற்றிய வண்டி. நாற்பத்து மூன்றாவது வளைவில் டிரைவர் ஓரமாக இறங்கியிருக்கிறான், வண்டி அவனை விட்டுவிட்டுத் தானாகக் கீழே போய்விட்டது. கேபின் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம், அன்னாசிப்பழம் மலை பூராவும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், என்ஜின் மட்டும் ஒரு பலாமரக் கவட்டையில் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது தம்பி! சுற்றிலும் நாலு குரங்கு கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறது, அங்கே பனி அப்படி. ஹெட்டில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டேங்க் இல்லாமல் டீசல் ஏது என்கிறீர்களா? அதையேதான் நானும் கேட்டேன். இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. போல்ட், தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பலாமரத்தில் இருந்தது ஸ்டட் இல்லை, போல்ட்.

அந்தப் பெரிய என்ஜினின் போல்ட் பதினாலையும் எடுத்துவந்து பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். அப்புறம் எத்தனை வண்டிக்குப் போட்டிருப்பேன்! ஒன்றில் கழற்றி இன்னொன்றில் போடுவேன், அதில் கழற்றி வேறொன்றில் போடுவேன். கை ராசி என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? இரும்பு வளர்ந்தது தம்பி. முதலில் இருந்ததை விட ஒவ்வொன்றும் அரை நூல் நீளம். இவன் வந்தான். வெர்னியரை வைத்து அளந்தான். "மாமா, இதெல்லாம் இழுத்து இழுத்து நீண்டு போச்சுங்க. இனிமேப் போட்டா புடிக்காது, அந்துரும். எடைக்குப் போட்டரலாமுங்க" என்றான். எடைக்கு! இரும்பு வளர்கிற கையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதைப் பார்த்து எடைக்குப் போடு என்கிற ஒரு மனிதனையாவது பார்த்திருக்கிறீர்களா?

இருங்கள். தொண்டை வறண்டுவிட்டது. அந்தப் பித்தளைச் சொம்பை எடுங்கள். இல்லை, குடிக்கிறதுக்கு இல்லை. உள்ளே ஒரு சின்ன வேலை. நீங்கள் வர வேண்டாம், கிரீஸ் ஒட்டிக்கொள்ளும். இதோ வந்துவிட்டேன்.

ம்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? டப்பாவில். ஆமாம், கைதான் ஈரம். துண்டில் துடைத்துக்கொள்கிறேன். நீங்கள் கதையைக் கேளுங்கள்.

என் தொழிலுக்கு ஒரு முறை உண்டு தம்பி. ஹெட் ஏற்றுகிறதுக்கு முன்னால், பிளாக்கில் இருக்கிற போல்ட் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் தீர்த்தம் விடுவேன். எங்கள் குலசாமி கோயில் கிணற்றுத் தண்ணீர். வருசத்துக்கு ஒரு தடவை போய் ஒரு கேன் மொண்டு வருவேன். சிலிண்டருக்குள் ஒரு சொட்டு விழாது, துணி போட்டு மூடிவிட்டுத்தான் செய்வேன், எனக்குத் தெரியாதா? ஓட்டைக்கு மட்டும். ஓட்டைக்கு ஒரு சொட்டு. 'சாமி, நீயே இறுக்கிப் பிடி' என்று சொல்லிவிட்டுத்தான் முறுக்குவேன். நாற்பத்தோரு வருசத்தில் ஒரு ஹெட் கசிந்தது என்று இந்தத் திருச்சி ரோட்டில் ஒருவன் சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று போயிற்று. அதுவும் என்னால் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அதைச் சொன்னால்தான் உங்களுக்கு இவன் யார் என்று தெரியும்.

அத்தியப்பன் என்று ஒரு ரிக் முதலாளி. போர் போடுகிற வண்டி வைத்திருக்கிறவர். அவர் வண்டி சத்தீஸ்கர் பக்கம் ஆறு மாதத்துக்குக் கிளம்புகிறது. கிளம்புவதற்கு நாள் குறித்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று. முதல் நாள் பார்த்து ஹெட் போய்விட்டது. ஆறு சிலிண்டர் என்ஜின். இந்தப் பட்டறையில்தான் கொண்டுவந்து விட்டார். பழைய போல்ட் வேண்டாம், புதுசாக வாங்குங்கள் என்று அவரே சொல்லிவிட்டார், லோகநாதன் போய் வாங்கி வந்தான். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: போல்ட் வாங்கி வந்தது அவன்.

காலையில் வெளியே கூட்டம். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள், என் வளர்மதியும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாள். கூடப் போகிற ஆட்கள் எல்லாம் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கிறார்கள். உள்ளே நானும் லோகநாதனும்தான். தூரப் பயணம், ஊர் பேர் தெரியாத காடு. ஓட்டைக்கு ஒரு சொட்டு எப்படிப் போதும்? எனக்கு மனசு கேட்கவில்லை. இவன் கேஸ்கட் எடுக்கப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு ஓட்டையும் விளிம்பு தட்டுகிற மாதிரி நிறைய நிறைய விட்டேன். ஹெட்டை ஏற்றினோம். நடுவிலிருந்து வெளியே, வெளியே என்று வரிசையாக முறுக்கிக்கொண்டு வருகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் கல்லு மாதிரித்தான் இருந்தது. என் கைக்கு அதெல்லாம் பொருட்டா? நாலு, ஐந்து, ஆறு.

ஏழு.

'ணங்' என்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை தம்பி. கோயிலில் யாரோ மணியை ஒரு தடவை மட்டும் அடித்துவிட்டுப் போன மாதிரி. அவ்வளவுதான். பிளாக் விரிசல் விட்டுவிட்டது. ஏழாவது ஓட்டையிலிருந்து கீழே ஒரு முடி மாதிரிக் கோடு. அந்தக் கோட்டில் ஈரம்.

இவன் குனிந்து பார்த்தான். எட்டாவது ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டான், எடுத்தான், ஈரமான நுனியைப் பார்த்தான். அப்புறம் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தண்ணி நசுங்காதுங்க மாமா. ஓட்டை அடி மூடுனது. நெறையத் தண்ணி நின்னா போல்ட்டு எறங்க எடமேதுங்க? நீங்க முறுக்கற முறுக்குக்கு இரும்புதானுங்க ஒடையும்" என்றான்.

சாமி தீர்த்தத்தைப் பார்த்து 'தண்ணி' என்கிறான் தம்பி! அதற்குள் அத்தியப்பன் உள்ளே வந்துவிட்டார். கோட்டைப் பார்த்தார். நேரம் போகிறது, வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். "ஆருய்யா முறுக்குனது?" என்று கத்தினார். ஆள் ஆறடி.

நான் வாயைத் திறப்பதற்குள் இவன், "நாந்தானுங்க. தப்பு என்னுதுதானுங்க" என்றான்.

கேட்டீர்களா? அவன் வாயாலேயே! யாரும் அடித்துக் கேட்கவில்லை, சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. அவனே ஒத்துக்கொண்டான். முறுக்கியது நான்தான், அது உண்மைதான். ஆனால் போல்ட் வாங்கி வந்தது அவன்தானே? மட்டமான போல்ட். அதைத்தான் ஒத்துக்கொள்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அத்தியப்பன் ஓங்கி ஒரு அறை விட்டார். வாசலில் ஒரு ஆரத்தித் தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் தடுக்கவில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்? தப்பு என்னுது என்று அவனே சொல்லும்போது நான் நடுவில் போய் விழுந்தால் நன்றாகவா இருக்கும்?

அவனை அன்றைக்கு ஒரு வார்த்தை கூட நான் திட்டவில்லை. பெருந்தன்மை.

அன்றிலிருந்து நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. கோபம்தான், வேறென்ன? கை நடுக்கம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எவனாவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கையைப் பாருங்கள், நடுங்குகிறதா? இது வெயில்.

அவன் அன்றிலிருந்து ஸ்டட்டுக்கு மாறிவிட்டான். மொட்டைக் கம்பியை விரலால் திருகி ஊன்றுகிறான், விரலால்! ஸ்பேனர் கூட இல்லை. "பிளாக்குக்குள்ள பலம் காட்டக் கூடாதுங்க மாமா, கை புடி போதுமுங்க" என்கிறான். பலம் எல்லாம் மேலே நட்டில்தானாம். யாரைக் குத்திக் காட்டுகிறான் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் தீர்த்தத்தை மட்டும் நான் விடவில்லை. அவன் சாப்பிடப் போகிற நேரம், சாமான் வாங்கப் போகிற நேரம், இந்தச் சொம்போடு உள்ளே போவேன். ஓட்டைக்கு ஒரு சொட்டு. ஏழு வருசமாக இந்தப் பட்டறையிலிருந்து போன ஒரு ஹெட் திரும்பி வரவில்லை. ஊர் பூராவும் என்ன பேச்சு? 'லோகநாதன் ஸ்டட் போட்டா அசையாது.' கரூரிலிருந்து வருகிறான், தர்மபுரியிலிருந்து வருகிறான். நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். உங்களுக்கு என்னடா தெரியும், உள்ளே இருந்து பிடிப்பது எது என்று!

அந்தச் சிரிப்புக்கும் நேற்று வேட்டு வைத்துவிட்டான் தம்பி.

நேற்று ஒரு டிராக்டர் பிளாக். வழக்கம்போலத் தீர்த்தம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். துண்டை உள்ளே மறந்துவிட்டேன். எடுக்கப் போனால், இவன் ஏர் கம்ப்ரசர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். ஒவ்வொரு ஓட்டையாக வாயை வைத்து, 'ஸ்ஸ்ஸ்...' 'ஸ்ஸ்ஸ்...' தீர்த்தம் எல்லாம் பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி பறக்கிறது! ஒரு சொட்டு பன்னிரண்டு அடி தள்ளி நின்ற என் நெற்றிக்கு வந்து, நேராகத் திருநீறு மேல் விழுந்தது. சாமியே திரும்பி வந்துவிட்டது தம்பி, 'உன் மருமகன் என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறான்' என்று.

நேராக வீட்டுக்குப் போய் வளர்மதியைப் பிடித்துக்கொண்டேன். "உம்புருசன் பண்ணற அக்கிரமத்தப் பாத்தியா?" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, நிமிராமல், "ஏழு வருசமா ஊதிப்போட்டுத்தானுங்கப்பா ஹெட்டு ஏத்தறாரு. நீங்க மனசு நோவீங்கன்னு யாரும் சொல்லல" என்கிறாள். ஏழு வருசம்! நான் விட விட, அவன் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் எந்த ஹெட்டையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த பெஞ்சில் உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ராத்திரி சோறு இறங்கவில்லை தம்பி.

இன்றைக்கு விடுவேனா?

மடியில் என்ன பெல்ட் என்று கேட்டீர்களே, இதுதான். கம்ப்ரசர் பெல்ட். அவன் பைக் அந்த முக்கைத் தாண்டியவுடனே கழற்றி எடுத்துவிட்டேன். எதை வைத்து ஊதுவான், பார்க்கலாம்! சற்று முன்னால் சொம்போடு உள்ளே போனேனே, எதற்கு என்று நினைத்தீர்கள்? உங்கள் வண்டிக்குத்தான். பத்து ஓட்டைக்கும். ஏழு வருசமாக விட்டுப்போனதையும் சேர்த்து, விளிம்பு தட்டத் தட்ட விட்டிருக்கிறேன். இனி உங்கள் வண்டியை எமன் வந்தாலும் அசைக்க முடியாது. வாய்க்குள் எதற்குத் தண்ணீர் தண்ணீர் என்று முனகுகிறீர்கள்? தண்ணீர் இல்லை, தீர்த்தம்! அட, எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். எதற்கு முகம் இப்படி வெளுக்கிறது? உங்களுக்கு நல்லதுதானே செய்தேன்? பாலக்காட்டுக்கு ஒரு முட்டை உடையாமல் போய்ச் சேர வேண்டாமா? உட்காருங்கள் என்கிறேன்!

பைக் சத்தம். மூன்று அடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டான். வாயை மூடிக்கொள்ளுங்கள். என் மேல் ஆணை, ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. வெயிலுல அலைஞ்சு வந்திருக்கீங்க. மோரு குடிக்கறீங்களா? ஸ்டட்டு கெடச்சுதுங்களா? நல்லதுங்க, நல்லதுங்க."

போகட்டும், உள்ளே போகட்டும். இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வதுதான். மருமகன் அல்லவா, முகத்துக்கு நேரே எப்படி? நீங்கள் அவனை என்ன அப்படிப் பார்த்தீர்கள்? கண்ணைக் காட்டினீர்களா? காட்டாதீர்கள். கேளுங்கள், ஸ்விட்ச் போடுகிறான். மோட்டார் சும்மா சுற்றுகிறது, கம்ப்ரசர் ஓடவில்லை. நிறுத்திவிட்டான். பார்க்கிறான். இப்போது தேடுவான். தேடட்டும். வெளியே வந்து என்னிடம் கேட்கட்டும். கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறேன், ஏழு வருசத்துப் பதில்.

வருகிறான். வருகிறான்.

...

கேட்டீர்களா தம்பி? கேட்டீர்களா அவன் சொன்னதை? "அண்ணா, ஒரு அரை மணி நேரம் சேத்தி ஆகுமுங்க. கம்ப்ரசர் பெல்ட்டு அந்துபோச்சு. நேத்தே மாத்தியிருக்கோணும், உட்டுட்டேன். தப்பு என்னுதுதானுங்க." மறுபடியும்! அவன் வாயாலேயே! ஸ்குரு டிரைவர் நுனியில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறான் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையாகத் துணியை விட்டு ஒற்றி எடுப்பானாம். ஒற்றட்டும். எத்தனை ஒற்றினாலும் அடியில் கொஞ்சம் நிற்கும்.

அறுந்துபோயிற்றாம். இதோ என் மடியிலேதானே இருக்கிறது, ஒரு கீறல் இருக்கிறதா பாருங்கள். போன மாதம்தான் புதுசாக மாற்றினான். வாய் கூசாமல் பொய் சொல்கிறான். அதுவும் என் மடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான், கவனித்தீர்களா? பெல்ட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பி, 'தப்பு என்னுதுதானுங்க' என்கிறான். எதற்கு அப்படி ஒரு பொய்? செய்யாத தப்பை எவனாவது செய்தேன் என்று...

அன்றைக்கும் இதே முகம்தான் தம்பி. அத்தியப்பன் கத்தினபோது. முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தான். இதே பார்வை. அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பி...

என்ன? ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? இவ்வளவு நேரம் நான் ஒருவனே கத்திக்கொண்டிருக்கிறேன், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே. ஏதாவது சொல்லுங்களேன். இல்லை, வேண்டாம். சொல்ல வேண்டாம். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இந்தாருங்கள், பிடியுங்கள் இந்த பெல்ட்டை. உள்ளே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னீர்கள், பாலக்காட்டுக்கு முட்டையைத் தலையில் சுமந்துகொண்டுதான் போவீர்கள். பெஞ்சுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லுங்கள். போங்கள், என் கையை என்ன பார்க்கிறீர்கள்? வெயில் என்று அப்போதே சொன்னேன் அல்லவா? போங்கள்!

தம்பி, நில்லுங்கள். பத்தையும் நன்றாக ஊதச் சொல்லுங்கள். ஏழாவது ஓட்டையில் கொஞ்சம் அதிகமாக விட்டிருக்கிறேன். அதை மட்டும் இரண்டு தடவை ஊதச் சொல்லுங்கள்.